இன்ஜின் குடிக்காத தண்ணீர்

மெக்கானிக் சந்தேகம் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்தார், அதன் மேல் மல்லாந்து படுத்தார், காருக்கு அடியில் தலையை நுழைத்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "கீழ ஒரு சொட்டுகூட விழலண்ணே, நான் தினமும் பார்க்கிறேன்" என்று அந்தக் கால்களிடம் சொன்னேன். அவை அசையவில்லை. அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் குணத்தால்தான். யார் எதைச் சொன்னாலும் தன் விரலால் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். போன வாரம்தான் ஆயில் மாற்றினேன் என்றால் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். வீட்டில் மனைவி மணி பத்து என்றால்கூடக் கடிகாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராம். பக்கத்து டயர் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை.

அன்று சனிக்கிழமை. திங்கள் காலை ஏழு மணிக்கு நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாக வேண்டும். அவள் தொண்டையில் வந்த கட்டிக்கு முப்பது நாள் கதிர் சிகிச்சை. சனி, ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. பத்தொன்பது முடிந்திருந்தது, பதினொன்று பாக்கி. நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். கழுத்துத் தோல் கன்றிப்போய், புடவைத் தலைப்பு பட்டாலே எரிகிறது என்கிறாள். அவளை எந்தக் கூட்டப் பஸ்ஸில் ஏற்றுவது? எங்களுக்கு இருந்த ஒரே வழி இந்த இருபத்திரண்டு வயதுக் கார்தான்.

அதுவும் இரண்டு வாரம் முன்னால் தன் புத்தியைக் காட்டியது. பாதி வழியில் வெப்பம் காட்டும் முள் மளமளவென்று ஏறியது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, திறந்து பார்த்தால் இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் டப்பா காலி. அன்றிலிருந்து தினமும் காலையில் முக்கால் டம்ளர் ஊற்றுகிறேன், மறுநாள் காலையில் அந்த முக்கால் டம்ளரைக் காணோம். தரையில் ஈரம் இல்லை, பின்னால் வெள்ளைப் புகையும் இல்லை. பெரிய கராஜ் ஒன்றில் காட்டினேன். சட்டை கசங்காத ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெளியில போகலன்னா உள்ளதான் போகுது. இன்ஜின் குடிக்குது. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. பிரிச்சுத்தான் ஆகணும், பத்து நாள் ஆகும்" என்று தலையில் கல்லைப் போட்டார். பத்து நாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வந்த இடம்தான் இந்தத் தகரக் கொட்டகை.

என் மனைவி கொட்டகை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலேயே இரு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. பேச்சும் பாதியாகக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது சொல்கிறவள். அந்த எட்டு வார்த்தைகளும் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை, வலியென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் எழுந்து வந்து, ஒருவழியாகப் பானெட்டைத் திறந்தார். பிறகு அவர் செய்ததையெல்லாம் நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கைவேலைக்காரன்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். அவசரமில்லாத கையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆயில் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் கலந்து பால்போல வெளுத்திருக்கவில்லை, சுத்தமாக இருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கழற்றிய வரிசை மாறாமல் காகிதத்தில் வைத்தார். நான்கும் காய்ந்து, ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தன. அவற்றைத் திரும்பப் போட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார். குமிழி வருகிறதா என்று பத்து நிமிடம் குனிந்தே நின்றார். வரவில்லை. ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் வாயில் ஒரு சிறிய கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். அதிலிருந்த முள் ஏறி நின்றது. நின்ற முள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ரப்பர் குழாயையும் நுனி முதல் அடி வரை விரலால் தடவிக்கொண்டு போனார். விரல் காய்ந்தே வந்தது.

"இன்ஜின் குடிக்கல" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப எங்கண்ணே போகுது?"

அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முன் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இந்தக் கண்ணாடிய யார் துடைச்சது?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "கடைத் துணியால தினமும் துடைக்கிறேன். இப்பல்லாம் உள்பக்கம் ஒரு பிசுக்கு படியுது. முதல்ல என் மூக்குக்கண்ணாடிதான் அழுக்குன்னு நினைச்சேன்."

"எத்தனை நாளா படியுது?"

"ரெண்டு வாரம் இருக்கும்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கார் தினமும் எழுதிக் காட்டியதைத் தினமும் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் பளபளவென்று.

சந்தேகம் திட்டவில்லை. "உள்ள ஏதாவது வாசனை வருதா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். எனக்கு மூக்கு இருப்பதே கண்ணாடி தாங்கத்தான், வருஷம் முழுக்க ஜலதோஷம்.

"உங்களக் கேக்கல சார். பக்கத்துல உட்கார்றவங்களக் கேக்கறேன்." அவர் வண்டியிலிருந்து இறங்கி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய், எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, வண்டிக்குள்ள உங்களுக்கு ஏதாவது வாசனை வருதாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பதில் சொல்ல இவ்வளவு நேரம் ஆகிற கேள்வியா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இனிப்பா" என்றாள், கம்மிய குரலில். "சர்க்கரைப் பாகு காயுற மாதிரி. வண்டியில ஏறினா வரும். சில நாள் வீட்டுக்குப் போயும் விடாது, காலச் சுத்தியே இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று நான் கேட்டுவிட்டேன்.

அவள் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "அங்க வெயிட்டிங் ரூம்ல ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க அக்காவுக்கு இல்லாத வாசனையெல்லாம் வந்துதாம். அப்புறம் பார்த்தா கட்டி தலைக்கு ஏறியிருந்துதாம். எனக்கும் ஏறிடுச்சுன்னு நினைச்சேன். நீங்க ஏற்கெனவே பாதியா இளைச்சுட்டீங்க. முப்பது நாளும் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

இரண்டு வாரம். தினமும் ஒரு கை அகலத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வாசனையை முகர்ந்து, அந்தப் பயத்தை மென்று விழுங்கி, "ரோட்டப் பார்த்து ஓட்டுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

சந்தேகம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெண்டாட்டி சொன்ன மணியை நம்பாத மனிதர், "உங்க மூக்கு சரியா இருக்கும்மா, அது வண்டி வாசனை" என்றார். பிறகுதான் அவள் பக்கத்து மிதியடியைத் தூக்கி, அதற்கடியில் ஒட்டியிருந்த கம்பளத்தை ஓரத்திலிருந்து உரித்தார். அடியிலிருந்த பஞ்சு ஊறிப்போய்ச் சொதசொதவென்று கிடந்தது. ஒரு துண்டைப் பிய்த்துப் பிழிந்தார். இளம்பச்சைத் தண்ணீர் அவர் உள்ளங்கையில் நின்றது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்கென்று குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறதாம். நாங்கள் ஹீட்டரைத் தொட்டதே இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் தண்ணீர் அது வழியாகத்தான் சுற்றி வருமாம். அதில் எங்கோ ஒரு ஊசித் துளை. வண்டி சூடானதும் ஆவி கண்ணாடியில் படிகிறது, மிச்சம் அவள் செருப்புக்கடியில் இறங்குகிறது.

அவள் எழுந்து வந்து அந்த உள்ளங்கையை முகர்ந்தாள். "இதேதான்" என்றாள். "இதே வாசனைதாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், டயர் கடைக்காரர் பார்க்கப் பார்க்க அழுதாள். நானும் அழுதேன். சந்தேகம் மிக முக்கியமான வேலை இருப்பதுபோல ஸ்பேனர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஹீட்டரை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அதைச் சிகிச்சை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். இப்போதைக்கு ஹீட்டருக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் இன்ஜின் பக்கமே கழற்றி, வளைந்த பித்தளைக் குழாய் ஒன்றால் இரண்டையும் இணைத்தார். கிளிப்புகளை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். ஊறிய பஞ்சை வழித்தெடுத்துவிட்டுத் தரைத் தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புதுக் கூலண்ட் ஊற்றி, குழாய்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். பிறகு மறுபடியும் கைப்பம்பு. முள் ஏறி நின்றது. நானாக இருந்தால் அப்போதே சாவியைக் கொடுத்திருப்பேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முள்ளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு மனிதர் என் பக்கம் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

அவர் காத்திருந்த நேரத்தில் என் மனைவி கொட்டகையைச் சுற்றி வந்தாள். கிரீஸ் டப்பாவை முகர்ந்தாள், பழைய பெல்ட்டை முகர்ந்தாள். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சந்தேகம் இதைக் கவனித்திருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து, முள் நின்ற இடத்திலேயே நின்றதும், எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. ஒவ்வொண்ணா காட்டறேன், சொல்லுங்க."

அவள் சின்னப் பிள்ளைபோல ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஒரு துணியைக் காட்டினார். "பெட்ரோல்." ஒரு குழாய்த் துண்டு. "ரப்பர். பழசு." சோப்புக் கட்டி. "சோப்பு. இதுகூடத் தெரியாதா?" பழைய அதட்டல் அந்தக் கம்மிய குரலில் எட்டிப் பார்த்தது.

சந்தேகம் அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தார். அதைக் குழாயடியில் அலசி, சுத்தமான துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்து, அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவள் முகர்ந்தாள். முகம் இறுகியது. இன்னும் கொஞ்சம் குனிந்து மறுபடி முகர்ந்தாள்.

"ஒண்ணும் இல்லயே" என்றாள் தயக்கத்துடன்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் கிண்ணத்தை வாங்கி, மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலிக் கிண்ணத்தை இன்னும் ஒரு முறை நீளமாக முகர்ந்தாள்.