மலையைப் பார்த்து நீட்டிய கால்

இனியாவின் கால்கள் நேராக மலையைப் பார்த்து நீண்டிருந்தன. படுத்த வாக்கில் ஓட்டும் சைக்கிளில் அவை வேறெங்கும் நீள முடியாது. பெடல், முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. அவள், மலையையே சாமியாகக் கும்பிடும் அடி அண்ணாமலையில் பிறந்தவள். பாய் விரித்தால்கூட மலைப் பக்கம் கால் வராமல்தான் விரிப்பாள். பெரியப்பா ராமதாஸ் கத்துவது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் எரிச்சல்.

ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்புத் தட்டு நகர்ந்த பிறகு, சாதாரண சீட்டில் பத்து நிமிடம் தாங்காது. தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு ஜெர்மன்காரரிடம் இந்தச் சைக்கிளை வாங்கினாள். நாளை திங்கட்கிழமை, மேட்டுக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியில் ஆபீஸ் வேலையில் சேர வேண்டும். அங்கே பஸ் போகாது. மேடு ஏறினால் வேலை. இல்லாவிட்டால் பழையபடி அண்ணன் வீட்டுச் சோறு, அண்ணி முகம்.

ஆறு நாளாக முயன்றும் உச்சி வரை ஏற முடியவில்லை. எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டி. மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். அதைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு முழங்கையும் தோல் உரிந்தது. நடுவில் நின்றால் மறுபடி கிளப்ப முடியாது. அது பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. பாதி மேட்டில் அவர் டீக்கடை. அவள் தலை தெரிந்தால் ரோட்டின் நடுவே வந்து நின்றுகொள்வார்.

இன்றும் நின்றார்.

"இறங்குடி. சாமிக்குக் காலக் காட்டிக்கினு மல்லாக்கப் படுத்து வர்றியே, வெக்கமா இல்ல?"

"உக்கார முடிஞ்சா ஏன் படுத்துக்கினு ஓட்டப் போறேன்? நகருங்க பெரியப்பா."

"தள்ளிக்கினு போ."

"முதுகு கேக்காது. மலைகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க நகருங்க."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த சுப்பன் சிரித்தான். "அண்ணே, அது நிக்காது போலக்குது. லுங்கி பத்திரம்."

அவள் பிரேக்கைத் தொடவில்லை. நடக்கிற வேகம்தான். ஆனால் இரண்டு செருப்புக் கால்கள் மாறி மாறி அவர் வயிற்றை நோக்கி வந்தன. கடைசி நொடியில் விலகினார். இடது செருப்பு அவர் தொடையில் உரசி, லுங்கியில் மண் கோடு போட்டது.

"செருப்புக் கால்ல ஒதைக்கிறா பாரு" என்று ரோட்டுக்கே கேட்கச் சொன்னார்.

உதைக்கவில்லை. ஆனால் பட்டது. அவர் வயசுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். கேட்க நின்றால் மேடு போய்விடும். மிதித்தாள். தொடை எரிந்தது, கைப்பிடி ஆடியது, மலை பெரிதாகிக்கொண்டே வந்தது.

உச்சியில் நிறுத்தி மூச்சு வாங்கியபோது, கீழே அவர் போனைக் காதில் வைத்திருந்தார். அவள் அண்ணனுக்குத்தான். நாளை இரண்டு பேராக நிற்பார்கள்.

நிற்கட்டும். ஏழரைக்கு வருவாள்.