மீட்டர்க்காரர் வாசித்த ராணிகள்

பிரிட்டிஷ் நாடகம் வளர்ந்த கதையைச் சொல்லும் அறுநூறு பக்கப் பாடப்புத்தகத்தில், பெண்கள் பேசும் வரிகள் மட்டும் லேப் அக்காவின் கண்ணுக்குத் தெரியவில்லை. ராஜா உறுமுவது தெரியும், கோமாளி உளறுவது தெரியும். ராணி வாயைத் திறந்தால் அந்த இடத்தில் வெள்ளைத் தாள். அச்சுக் கோளாறு என்று இரண்டு முறை புத்தகத்தை மாற்றினாள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டதற்கு, ஒரு குறையும் இல்லை என்று குமாஸ்தா கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பினார். கண் டாக்டரம்மாவோ, "வெறும் பேப்பரைக் காட்டி எழுத்து தெரியலங்கிறீங்களே, கண்ணுக்கு ஒண்ணுமில்ல, போய்த் தூங்குங்க" என்றார். குமாஸ்தா ஆண், டாக்டர் பெண் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் ரத்தத்தை உறிஞ்சிவிட்டு நாற்பத்தாறு வயதில் தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறவளுக்கு இது வேண்டும் என்று தெருவில் சிலர் சொன்னார்கள், யாரென்று எதற்கு. கல்யாணத்துக்காக இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் விட்ட படிப்பு அது. மற்றத் தாள்களெல்லாம் தேறியாயிற்று, இதில் மட்டும் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால், தேறியதெல்லாமும் செல்லாது என்பது விதி.

அவள் புருஷன் வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். எண்களைச் சத்தமாக வாசித்துக் குறிப்பதோடு அவருடைய அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். வீட்டில் நாளுக்கு நாலு வாக்கியம், அதில் ஒன்று "தண்ணி." எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலோரம் மெஷின் போட்டிருப்பதால் கிடைத்த தகவல் இது, தப்பாக இருக்காது. ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு டீ டம்ளரோடு அவள் பின்னால் வந்து நின்றவர், வெள்ளைத் தாளைப் பார்த்து, மீட்டர் வாசிக்கும் அதே குரலில், ஒரு விதவையின் ஒப்பாரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எங்க இருக்கு அது?"

"இங்கதான். கொட்டை எழுத்துல. கண்ணாடியத் தொடச்சுப் போடு."

அந்த நாட்டில் முன்காலத்து நாடகக் கொட்டகைகளில் பெண்கள் மேடையேற முடியாது. ராணியானாலும் விதவையானாலும் ஆண்பிள்ளைதான் பாவாடை கட்டிக்கொண்டு பேசவேண்டும். புத்தகம் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் கறாராகக் கடைப்பிடித்தது, அவ்வளவுதான். தெருவில் வண்டிமேல் நாடகம் போட்ட காலத்தில் தொடங்கி, நடுவில் கூரையில்லாத கொட்டகைகளின் காலம்வரை, நாற்பது நாளில் பதினோரு ராணிகளையும் ஆறு விதவைகளையும் ஒரு சூனியக்காரியையும் மீட்டர்க்காரர் வாசித்து முடித்தார். முதல் வாரம் எல்லா ராணிகளும் யூனிட் சொல்வதுபோலவே செத்தார்கள். மூன்றாம் வாரம், என்னோடு ஏன் பேசுவதே இல்லை என்று ஒருத்தி புருஷனைக் கேட்கும் இடத்தை அவர் இரண்டு முறை வாசித்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மேலே வாசித்தார். லேப் அக்கா குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்தாள். பேனாவில் மை தீர்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தாள்.

அப்புறம், நாடகக் கொட்டகைகளை உத்தரவு போட்டு மூடிய பக்கம் வந்தது. பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்தன என்று அதில் போட்டிருந்தது. அதற்கடுத்த பக்கம் புரளவில்லை. கத்தியை நுழைத்தாள், ஆவி காட்டினாள், லேபிலிருந்து இடுக்கி கொண்டுவந்து இழுத்தாள், அசையவில்லை. பரீட்சைக்கு முப்பதே நாள். வருஷத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கு அவளுக்குத் தெரியாததால், உட்கார்ந்து அழுதாள். ஆனாலும் ஆறரைக்கு அவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வாசிக்க ஒன்றுமில்லை, வாய் பழகிவிட்டது.

"இன்னைக்கு ஒரு வீட்ல நாய் தொரத்துச்சு."

"ஐயய்யோ, கடிச்சுதா?"

"செவுத்து மேல ஏறிட்டேன். எறங்கத்தான் தெரியல. அந்த வீட்டம்மா ஏணி போட்டாங்க."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்த சத்தத்தில் எதிர்வீட்டு மெஷின் நின்றது. பதினெட்டு நாளும் அவர் பேசினார். தையல்காரம்மா எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் பக்கம் தானாகப் புரண்டது. அதில் கொட்டகைகளைத் திறந்துவிட்டார்கள், பெண்களும் மேடையேறியிருந்தார்கள். லேப் அக்கா இதற்கு முன் இந்தப் பக்கம்வரை வந்ததே இல்லை, அவர்களுடைய வரிகள் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தன. இப்போது அவருக்கு வெள்ளைத் தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப என் வேலை முடிஞ்சுது" என்று எழுந்தார்.

"உக்காருங்க. ஆம்பளைங்க பேசறத யாரு படிப்பா, எதிர்வீட்டக்காவா?" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

மிச்சமிருந்த மூன்று நூற்றாண்டுகளைப் பன்னிரண்டு நாளில் தாண்டினார்கள். கடைசி அத்தியாயத்தில், வெறும் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் நாடகத்தில், மறுபடியும் வெள்ளை.

"ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. உங்களுக்காவது தெரியுதா?"

"எனக்கும் காலிதான். அவங்க பேசாம இருக்காங்க."

"ஏனாம்?"

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆரம்பிச்சா எங்க நிறுத்தறதுன்னு தெரியாம இருக்கும்."

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பரீட்சையில், புதுக்கால நாடகங்களில் மௌனம் எதற்கு என்று ஒரு கேள்வி வந்தது. தேறிவிட்டாள்.

புத்தகம் மட்டும் மாறவில்லை. இப்போதும் ஆறரை ஆனால் முன்பாதியின் பெண்களை அவர் வாசிக்கிறார், பின்பாதியின் பெண்களை அவள் வாசிக்கிறாள். தையல்காரம்மா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். ஜன்னலிலிருந்து சரியாகக் கேட்பதில்லையாம். கடைசி அத்தியாயத்தில், யாருக்கும் எதுவும் தெரியாத அந்த வெள்ளை இடம் வந்ததும், மூன்று பேரும் டீ குடிக்கிறார்கள்.