எண்பத்து மூன்று புள்ளி ஆறு

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் ஜிபிஎஸ் கருவியை அங்கேயே ஆன் செய்துவிடுவேன். அது செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். ரோட்டில் வெயிலில் நின்று அதற்காகக் காத்திருக்க எனக்கு அலுப்பு. கருவியைக் கண்ணாடியோரம் சாய்த்து வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். மதுரை பழங்காநத்தத்திலிருந்து திருமங்கலம் வரை தூங்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நவம்பரில் தொடங்கியது. அன்று பதினாறாவது ஞாயிறு.

அன்று தூங்க முடியவில்லை. எங்கள் பேருந்தும் பின்னால் வந்த இன்னொரு பேருந்தும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. ஜன்னல் கண்ணாடிகள் தடதடத்தன. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏப்பா, எந்த வீட்டுல எழவு விழுந்துருச்சுன்னு இம்புட்டு வேகமாப் போற?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். டிரைவர் காதில் வாங்கவில்லை.

என் அண்ணன் ஹரிஷ்குமார் இது எதையும் கவனிக்கவில்லை. மடியில் அட்டைப்பெட்டி. அதற்குள் அவனுடைய கார். முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்டில் ஓடுவது. அதன் பின் சக்கரத்தை விரலால் சுற்றிச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணன் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தான். அதற்கு முன் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டான். டிவி கடையை விட்டான். ஒரு கூரியர் ஆபீசை மூன்றே வாரத்தில் விட்டான். இந்தக் காரை மட்டும் இரண்டு வருடமாக விடவில்லை. அதனால்தான் அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் இப்படிக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பந்தயம். மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கார்களுக்குத்தான் இடம். அதற்கு ஜிபிஎஸ் கருவியைக் காரின்மேல் கட்டி ஓட்டி, திரையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்களுடையது அதுவரை ஓடியதில் அதிகம் அறுபத்தொன்று புள்ளி இரண்டு. பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

கருவி என் ஆபீசுடையது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, செல்போன் கோபுரங்களுக்கு இடம் அளக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். சனிக்கிழமை மாலை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வருவேன், திங்கள் காலை மேசையில் வைத்துவிடுவேன். கேட்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியத்திலிருந்தே அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பையில் வங்கித் தேர்வுப் புத்தகம் ஒன்றும் இருக்கும். பதினாறு ஞாயிறும் அது என்னோடு வந்தது. நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

திருமங்கலத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனால் புது நாலு வழிச் சாலையில் இன்னும் திறக்காத பகுதி வரும். தார் போட்டிருந்தார்கள், கோடு போடவில்லை. இரண்டு முனையிலும் மண் நிரப்பிய பீப்பாய்கள். அதனால் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் உளுந்து காயப்போட அந்த ரோட்டைப் பயன்படுத்தினார்கள். பாதி அகலம் உளுந்து, பாதி அகலம் எங்களுக்கு.

ஒச்சம்மாள் என்று ஒரு பெண் அங்கே எப்போதும் இருப்பாள். நாற்பது வயதிருக்கும். காலால் உளுந்தைக் கிளறிக்கொண்டே அண்ணனைப் பார்ப்பாள்.

"வந்துட்டாகய்யா. ஆளு பனமரம் கணக்கா இருக்க, காரு எலிக்குஞ்சு கணக்கா இருக்கு. உள்ள எப்படிய்யா உக்காருவ?"

"அத்தே, உளுந்தக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க. போன வாரம் சக்கரத்துல ஏறிருச்சு," என்றான் அண்ணனின் நண்பன் சிவக்குமார்.

"எங்க ரோட்டுல வந்து எனக்கே சொல்றியாடா. உங்க அப்பன் மொக்கையன்கிட்ட சொல்லவா?"

சிவக்குமார் அந்த ஊர்க்காரன். அண்ணனோடு பாலிடெக்னிக்கில் படித்து, அவன் ஒழுங்காக முடித்துவிட்டான். கார் ஓடி முடியும் இடத்தில் நின்று அதைப் பிடிப்பதும் ஆடுகளை விரட்டுவதும் அவன் வேலை. வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். காரைப் பற்றிய பேச்சு மட்டும் எனக்கும் அண்ணனுக்கும் தமிழில்தான். சிவக்குமாரிடம் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது.

"மாப்ள, இன்னிக்கு எழுவதத் தாண்டலன்னா நான் மீசைய எடுத்துர்றேன்டா," என்றான் சிவக்குமார்.

"இருந்தாத்தானடா எடுப்ப," என்றான் அண்ணன்.

அண்ணன் அந்த வாரம் மோட்டாரிலிருந்த பதினெட்டுப் பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இருபது பல் சக்கரம் மாட்டியிருந்தான். அவனிடம் இருந்தது ஒரே பேட்டரி. முழு வேகத்தில் ஒரு ஓட்டம்தான் தாங்கும். பிறகு வீட்டுக்குப் போய்த்தான் சார்ஜ் போட வேண்டும்.

நான் பீப்பாயின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பேருந்தில் கம்பியைப் பிடித்ததில் உள்ளங்கை இன்னும் வலித்தது. அண்ணன் வந்து என் பக்கத்திலிருந்த கருவியை எடுத்துக்கொண்டான். ஓட்டத்துக்கு முன் அதிலிருக்கும் பழைய எண்களை அழிப்பது என் வேலை. கருவியை நானே காரின்மேல் டேப் போட்டு ஒட்டுவதும் வழக்கம். அன்று அவனுக்கு அவசரம்.

"வேணி, ரீசெட் பண்ணிட்டியா?"

"ம்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. பதினைந்து வாரம் கேட்ட கேள்வி, பதினைந்து வாரம் சொன்ன பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கார் கிளம்பியது. மோட்டாரின் சத்தம் வழக்கத்தைவிட மெல்லியதாக, கீச்சென்று இருந்தது. உளுந்தின் ஓரமாக ஒரு கோடு போட்டதுபோல் போனது. தூரத்தில் சிவக்குமார் குனிந்து அதைப் பிடிப்பது தெரிந்தது. அவன் கருவியைப் பார்த்தான். பிறகு காரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"மாப்ள, எம்பத்தி மூணுடா. எம்பத்தி மூணு புள்ளி ஆறு. என் வண்டிகூட அம்புட்டுப் போகாதுடா."

அண்ணன் கருவியை வாங்கிப் பார்த்தான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். பிறகு செல்போனில் திரையைப் படம் எடுத்தான். மூன்று படம். கோயம்புத்தூர் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டு, "சார், மதுரையிலேர்ந்து ஹரிஷ்குமார். எம்பத்தி மூணு சார். ஆமா சார், சாயங்காலத்துக்குள்ள படம் அனுப்பிர்றேன்," என்றான்.

"என்னய்யா, ஜெயிச்சுட்டியா?" என்றாள் ஒச்சம்மாள். "அப்ப அடுத்த வாரம் வரமாட்டீகள்ல? ரோடு முழுசுக்கும் காயப்போட்டுக்கிருவேன்."

அடுத்த வாரம் வரவேண்டாம் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிவரை தூங்கலாம். மேனேஜரிடம் எதையும் கேட்க வேண்டாம்.

திரும்பி வரும் பேருந்தில் கருவியை அணைப்பதற்காகக் கையில் எடுத்தேன். திரையில் நான்கு கட்டங்கள். இப்போதைய வேகம், அதிகபட்ச வேகம், நேரம், சென்ற தூரம். கடைசிக் கட்டத்தில் இருபத்து மூன்று கிலோமீட்டர் என்று இருந்தது.

கார் ஓடியது அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

காலையில் பேருந்தில் ஆன் செய்ததிலிருந்து அது எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. எண்பத்து மூன்று புள்ளி ஆறு அந்தப் பேருந்தின் வேகம். பையிலிருந்து நோட்டை எடுத்து, அறுபத்தொன்று புள்ளி இரண்டை இருபதால் பெருக்கிப் பதினெட்டால் வகுத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டு வந்தது. பல்சக்கரத்தை மாற்றியதில் அவ்வளவுதான் கூடும். இந்தக் கணக்கை அங்கேயே போட்டிருக்கலாம்.

அண்ணன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். பேருந்தில் அவன் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நல்லெண்ணத்தால் இல்லை. சோர்வுதான். சொல்லாவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவன் எடுத்த படத்தில் நான்கு கட்டங்களும் இருந்தன. அதிகபட்ச வேகத்துக்கு நேர் கீழே தூரம். இதையே தொழிலாகப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஹரிஷ்குமார் கருவியைப் பேருந்தில் வைத்து ஏமாற்றினான் என்பார்கள்.

பழங்காநத்தத்தில் இறங்கியதும் அவன் வீட்டுக்கு வரவில்லை. நேராக பிரௌசிங் சென்டருக்குப் போனான். நானும் பின்னால் போனேன். பிளைவுட் தடுப்புக்குள் ஒரே நாற்காலி. நான் நின்றேன். செல்போனைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்தான். மெயிலில் படம் ஏறுவதைக் காட்டும் நீலக் கோடு மெல்ல நகர்ந்தது.

"அண்ணா, அனுப்பாத."

"ஏன்?"

"கீழ பாரு. தூரம்."

பார்த்தான். முதலில் புரியவில்லை. நீலக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. பிறகு மவுசை நகர்த்தி அதை நிறுத்தினான்.

"ரீசெட் பண்ணிட்டேன்னு சொன்னியே."

"பண்ணல."

"அப்ப ஏன் சொன்ன?"

அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"அப்ப நம்ம காரு நெசமா எம்புட்டுப் போச்சு?"

"தெரியல. பெரிய நம்பர் மட்டும்தான் அதுல நிக்கும். பஸ்ஸோடதுதான் பெருசு."

"எழுவது போயிருக்குமா?"

"தெரியலண்ணா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பேட்டரியை சார்ஜ் போட்டு மறுபடி திருமங்கலம் போய்ச் சேர இருட்டிவிடும். அதை நாங்கள் இருவருமே கணக்குப் போட்டிருப்போம். யாரும் சொல்லவில்லை.

அவன் செல்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு. காலைல பெருசாப் பேசிட்டு இப்ப என்னால பேச முடியாது."

எனக்குத் தெரியாதவர்களிடம் போனில் பேசிப் பழக்கமில்லை. ஆபீசில்கூட போன் அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று காத்திருப்பேன். வெளியே வந்து ஒரு பேக்கரியின் ஷட்டர் ஓரமாக நின்றுகொண்டேன். வாக்கியத்தை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க ஹரிஷ். படம் இன்னும் வரலீங்களே."

"நான் அவர் தங்கச்சி, சார். ஹம்சவேணி. அந்த எம்பத்தி மூணு தப்பு, சார். அது நாங்க வந்த பஸ்ஸோட வேகம். நான்தான் கருவிய ரீசெட் பண்ணாம விட்டுட்டேன். அண்ணனுக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. "பஸ்ஸு எம்பத்தி மூணுல போச்சுங்களா? அந்த டிரைவரக் கூட்டிட்டு வாங்க, சேத்துக்கலாம்."

நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை.

"சரிங்க, அப்ப காரு எவ்வளவு போச்சுங்க?"

"தெரியாது, சார்."

"போன வாரத்து நம்பர் இருக்குதுங்களா?"

"அறுபத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"எழுவது வேணுமுங்க. உங்களுக்குன்னு மாத்துனா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லுங்க. சொன்னதுக்கு நன்றிங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். அண்ணன் அரை மணி நேரத்துக்கான காசைக் கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் அவன் என்னோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. சாப்பிட்டியா, குழாயில் தண்ணீர் வந்ததா என்பதுபோல வீட்டுப் பேச்செல்லாம் பேசினான். எல்லாம் சௌராஷ்டிரத்தில். தமிழில் ஒரு வார்த்தை இல்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கூரியர் ஆபீஸ் சட்டையும் அங்கேதான் கிடந்தது.

சனிக்கிழமை மதியம் முழுக்க அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாலையில் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "இன்னும் முடியலையாம்மா?" என்றார். இல்லை என்றேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து விளக்கைப் போட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வெளியே வைத்தேன். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. இரவே சார்ஜ் போட்டிருக்கிறான்.

"பஸ் போயிரும்ணா," என்றேன் தமிழில்.

பேருந்தில் கருவியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ரோட்டில் இறங்கியபின், வெயிலில் நின்று ஆன் செய்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவனிடம் நீட்டினேன். நான்கு கட்டங்களிலும் பூஜ்யம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, டேப்பை என்னிடம் கொடுத்தான்.

"வரமாட்டேன்னீக," என்றாள் ஒச்சம்மாள். அன்று ரோடு முழுக்க உளுந்து. ஆனாலும் விளக்குமாற்றை எடுத்து ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாள். சிவக்குமாரும் குனிந்து தள்ளினான்.

கார் ஓடியது. சிவக்குமார் இந்த முறை ஓடி வரவில்லை, நடந்து வந்தான். அறுபத்தெட்டு புள்ளி நான்கு. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அண்ணன் காரைக் கவிழ்த்து வைத்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. கையை உதறிக்கொண்டான்.

"போன வாரம் காத்து பின்னாடியிருந்து அடிச்சுச்சுல்ல, வேணி? அன்னிக்கு எழுவது போயிருக்கும்."

காற்று அடித்ததா என்று எனக்கு நினைவில்லை. அன்று நான் எதையும் கவனிக்கவில்லை.

"ஆமா," என்றேன்.

அவன் திருப்புளியை எடுத்தான். ஒச்சம்மாள் உளுந்தை மறுபடி ரோடு முழுக்கப் பரப்பத் தொடங்கினாள். நான் பீப்பாயின் நிழலுக்குப் போய் உட்கார்ந்தேன்.