நாலாவது தொட்டித் தண்ணீர்

நூல் சிட்டங்களை மூன்றாவது தொட்டியிலிருந்து தூக்கி, நீர் வடியும்வரை மூங்கில் கம்பில் பிடித்துக்கொண்டு நின்றாள் பெருமாயி. பள்ளிபாளையத்தில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தது அந்தச் சாயப்பட்டறை. சாயம் ஏறிய நூலை அலசுவதற்கு அங்கே நான்கு சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. இன்று சிவப்பு. முதல் தொட்டித் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல ஆகிவிட்டிருந்தது. இரண்டாவதில் நிறம் பாதி. மூன்றாவதில் லேசான சாயல்தான். நாலாவதில் முகம் பார்க்கலாம்.

அலசுவது பெருமாயியின் வேலை. ஒரு கட்டு நூல் முடிந்ததும் நான்கு தொட்டிகளின் அடைப்பையும் பிடுங்கி, கறை போகத் தேய்த்து, மறுபடி போர்க் குழாய்த் தண்ணீரை நிரப்புவது சௌந்திரத்தின் வேலை. பதினோரு வருடமாக இருவரும் அந்தத் தொட்டிகளின் இரு பக்கமும் நிற்கிறார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று இருவரின் கால்விரல் இடுக்குகளும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன.

"ஏம் புள்ள, நாலையும் புடுங்கி உட்டரட்டுமா?" என்றாள் சௌந்திரம்.

"இரு, இரு. மொதலாளி வண்டி வெளிய நிக்குதா பாரு."

"காணோம். ஈரோட்டுக்குப் போயிருப்பாரு."

"அப்ப மொதத் தொட்டிய மட்டும் புடுங்கு. ரெண்டாவதுத் தண்ணிய அதுல மொண்டு ஊத்து. மூணாவத ரெண்டாவதுக்கு. நாலாவத மூணாவதுக்கு. கடைசிக்கு மட்டும் புதுத் தண்ணி போதும். அடுத்த கட்டும் செவப்புத்தானே?"

"மொதலாளி பாத்தாருன்னா நம்ம ரெண்டு பேத்தையும் இதுலயே முக்கி எடுத்துருவாரு."

"முக்கட்டும். நீ செவப்பு, நான் பச்ச. பட்டறைக்கு வெளம்பரமாப் போச்சு."

சௌந்திரம் சிரித்துக்கொண்டே பக்கெட்டை எடுத்தாள். இந்தத் திருட்டு வேலையை அவர்கள் இரண்டு வருடமாகச் செய்துவருகிறார்கள். எல்லாத் தொட்டிக்கும் புதுத் தண்ணீர்தான் என்பது கந்தப்பன் முதலாளியின் உத்தரவு. ஆனால் தெளிந்த தண்ணீரைக் கீழே விடப் பெருமாயிக்கு மனம் வராது. ஒரு வருடம் ஆடிப் பதினெட்டுக்குக் காதோலை கருகமணியோடு படித்துறையில் இறங்கியபோது கால் முழுக்கச் சாய நுரை ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அடைப்பைப் பிடுங்கும்போதும் அவளுக்கு அந்த நுரைதான் நினைவுக்கு வரும்.

கழிவுத் தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் உள்ள குழியில் சேரும். முந்தின வருடம் ஒரு மழை நாளில் குழி நிரம்பி ஆற்றுப் பக்கம் வழிந்தது. அதிகாரிகள் வந்து மின்சாரத்தைத் துண்டித்தார்கள். நாற்பது நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது. இன்னொரு முறை வழிந்தால் நிரந்தரப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கந்தப்பன் ஒரு குழுவில் சேர்ந்தார்.

ஆறு சாயப்பட்டறைகள் சேர்ந்த குழு அது. போர்வையும் லுங்கியும் வாங்குகிற கம்பெனிகளின் ஏற்பாடு. தண்ணீர், உப்பு, விறகு, மின்சாரம் எல்லாவற்றையும் குறைத்து, ஆற்றுக்குக் கெடுதல் இல்லாமல் தொழில் நடத்துவது எப்படி என்று ஆறு பேரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு பட்டறையில் கூட்டம். நடத்துவதற்குச் சேலத்திலிருந்து சத்யபிரியா என்ற பெண் வருவாள்.

ஆடி மாதக் கூட்டம் கந்தப்பன் பட்டறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தொழிலாளிகளும் வட்டத்தில்தான் உட்கார வேண்டும் என்று சத்யபிரியா பிடிவாதம் பிடித்தாள். பெருமாயி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சௌந்திரம் ஈரச்சேலை ஒட்டிவிடுமென்று முந்தானையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இங்க முதலாளி, தொழிலாளி கிடையாது. யாருக்கு என்ன தெரியுமோ அதச் சொல்லலாம். தப்பாச் சொன்னாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள் சத்யபிரியா.

முதலாளிகள் முறை வைத்துப் பேசினார்கள். தண்ணீரைக் குறைக்க முடியாது, குறைத்தால் சாயம் விடும் என்பதில் ஆறு பேரும் ஒன்றாக இருந்தார்கள். சௌந்திரம் முழங்கையால் பெருமாயியின் இடுப்பில் குத்தினாள்.

"சொல்லு புள்ள."

"சும்மா இரு."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சத்யபிரியா திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்கக்கா, என்ன?"

பெருமாயி எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் அவளுக்குப் பேச வரவில்லை. "மொதலாளி கோவிச்சுக்கப்படாது" என்று ஆரம்பித்து, தொட்டி தொட்டியாகக் கைகாட்டிச் சொன்னாள். இளநிறத்தை முதலில் அலச வேண்டும், அடர்ந்த நிறத்தைப் பின்னால் அலச வேண்டும் என்றாள். சிவப்புக்குப் பிறகு மஞ்சள் வந்தால் எல்லாத் தொட்டியையும் கழுவித்தான் ஆக வேண்டும், அதில் ஏமாற்றக்கூடாது என்றாள். இரண்டு வருடமாகச் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

கந்தப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ரெண்டு வருசமாவா?"

"ஆமாங்க."

"ஒரு கட்டு நூல்கூடத் திரும்பி வரலியே!" என்றார் அவர், தன்னிடமே சொல்வது போல. பிறகு முதலில் கை தட்டியதும் அவர்தான்.

எல்லா நாளும் அந்த முறையிலேயே அலசியதில் அந்த மாதம் கழிவுக்குழி பாதிகூட நிரம்பவில்லை. செய்தி ஆறு பட்டறைக்கும் போனது. அடுத்த கூட்டத்தில் குமாரபாளையத்துப் பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். தொட்டிகளை ஒன்றைவிட ஒன்று அரையடி உயரமாகப் படிபோலக் கட்டிவிட்டால் பக்கெட்டில் மொள்ளவே வேண்டாம். வால்வைத் திறந்தால் மேல் தொட்டித் தண்ணீர் தானாகக் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். இன்னொருவர், தொட்டிக்குள் வழவழப்பான ஓடு பதித்தால் கறை பிடிக்காது, தேய்க்கவும் வேண்டாம் என்றார். எல்லாம் நல்ல யோசனைகள். ஐப்பசியில் கந்தப்பன் பட்டறையில் வேலை முடிந்தது.

முதல் நாள் பெருமாயி புதுத் தொட்டிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினாள். வால்வைத் திறந்ததும் தண்ணீர் சத்தமில்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கியது. சௌந்திரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எம்பட வேலைய இதே பாத்துக்குது போ. நான் மத்தியானம் வரைக்கும் தூங்கலாமாட்ட இருக்குது."

அந்தச் சனிக்கிழமை கந்தப்பன் இருவரையும் கூப்பிட்டார். மேசை மேலிருந்த சாய மாதிரி அட்டைகளை அடுக்கிக்கொண்டே பேசினார்.

"சௌந்திரம், நீயே பாக்கறீல்ல. தொட்டிகிட்ட இனி ஒரு ஆளுக்குத்தான் வேலை இருக்குது. தொட்டி கட்டுன கடனே இன்னும் இருக்குது. நான் என்ன பண்றது சொல்லு?"

முந்தானையில் ஈரக்கையைத் துடைத்தபடி சௌந்திரம் பெருமாயியைப் பார்த்தாள். சௌந்திரத்தின் கணவன் வீரபாகு தறியில் இருந்தவன். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, நான்கு வருடமாக வீட்டோடு கிடக்கிறான். மகள் அனிதா நாமக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இவள் கொண்டுபோவதுதான் அந்த வீட்டில் அடுப்பு எரிவதற்கும் அந்தப் பெண் விடுதியில் இருப்பதற்கும்.

"ஏனுங்க மொதலாளி, ஆளுக்கு மூணு நாளா வந்துக்கறோமுங்க" என்றாள் பெருமாயி. "கூலியும் அப்படியே பாதி பாதி வாங்கிக்கறோம். எனக்குச் சம்மதந்தானுங்க."

கந்தப்பன் அட்டைகளைக் கீழே வைத்தார். "எனக்கும் அது தோணாமயா இருக்கும்? குழுவுல புதுசா ஒரு தாள் குடுத்திருக்காங்க பெருமாயி. பட்டறைல இருக்கற ஆளு எல்லாரும் நெரந்தரமா, வாரத்துக்கு ஆறு நாளு, பி.எஃப். போட்டு இருக்கோணும். உட்டு உட்டு வாற ஆளு இருந்தா கருப்புப் புள்ளி வெச்சுருவாங்க. உங்க நல்லதுக்குன்னு போட்ட சட்டந்தான் அது."

வெளியே வந்து சௌந்திரம் ஆணியில் தொங்கிய தன் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். பெருமாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ற வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"உன்ற இடுப்புல குத்துனது ஆரு? நாந்தானே!" என்றாள் சௌந்திரம். "தண்ணிய மிச்சம் புடிச்சது ஒரு பாவமா? ஆத்துக்கு நல்லது பண்ணியிருக்கற. உடு புள்ள. வாரேன்."

பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் பெருமாயி அன்று சௌந்திரம் இல்லாமல் தனியாகப் படித்துறைக்குப் போனாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. கையெடுத்துக் கும்பிட்டாள். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. நல்லதுதானே செய்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

நாற்பத்தெட்டு வயதில், வெளுத்த கால்விரல்களோடு, சௌந்திரத்தை வேறு எந்தப் பட்டறையிலும் எடுக்கவில்லை. மற்றப் பட்டறைகளிலும் படித்தொட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. காலையில் ஐந்து மணிக்கு வேன் வரும். கூண்டுகளுக்கு அடியில் எருவை வாரி டிராக்டரில் ஏற்ற வேண்டும். கூலி முன்பு வாங்கியதில் பாதிதான். அனிதா விடுதியை விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌந்திரம் பெருமாயி வீட்டுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. எரு நெடி என்றாள். மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். வைக்கோலுக்கு நடுவே ஆறு முட்டைகள்.

"கீறல் உளுந்தத எங்களுக்குக் குடுத்தர்றாங்க. உன்ற ஊட்டுக்கார்ருக்கு வறுத்துக் குடு."

"உங்கூட்ல வீரபாகு அண்ணனுக்கு வேணுமில்ல?"

"அவிய மொகம் திருப்பிக்கறாங்க புள்ள. தெனமும் முட்டையாவே கனவு வருதாம். இன்னும் ஒரு மாசம் போனா கொக்கரக்கோன்னு கத்திருவாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே சௌந்திரத்துக்கு இருமல் வந்தது. பெருமாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருமல் அடங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சௌந்திரம் போன பிறகு பெருமாயி அந்த முட்டைகளை எடுத்து வைக்கவும் முடியாமல் சமைக்கவும் முடியாமல் வெகுநேரம் அடுப்புமுன் உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்ததும் சத்யபிரியா காரோடு வந்தாள். ஐந்து பட்டறைகளில் தொட்டி கட்டி முடிந்திருந்தது. சங்ககிரி ரோட்டில் இருக்கும் ஆறாவது பட்டறைதான் எல்லாவற்றிலும் பெரியது. அங்கே தொட்டி கட்டுவதற்கு முன்னால் பெருமாயியே வந்து தன் கையால் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கந்தப்பன் அன்றைய கூலியைக் கழிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

காரில் சத்யபிரியா மடியில் வைத்திருந்த தாளைப் பெருமாயி எட்டிப் பார்த்தாள். கட்டம் கட்டமாக இருந்தது.

"இது என்னங்கம்மிணி?"

"உங்க முறை வந்த பிறகு என்னென்ன குறைஞ்சிருக்குன்னு எழுதறது அக்கா. இது தண்ணி. இது உப்பு. இது விறகு, இது மின்சாரம். அஞ்சு பட்டறையிலயும் தண்ணி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. எல்லாம் உங்களாலதான்."

"ஆளு எத்தன கொறஞ்சுதுன்னு எழுதறதுக்கு எடம் இருக்குதுங்களா?"

சத்யபிரியா தாளின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இல்லைங்கக்கா" என்றாள். "நான் கேட்டுப் பாக்கறேன்." அவள் குரல் இறங்கியிருந்தது. கார் ரயில்வே கேட்டில் நின்று, மறுபடி கிளம்பியது.

அந்தப் பட்டறையில் ஒரே நீளமான தொட்டி வரிசை. ஏழு பெண்கள் முட்டி வரை ஈரத்தோடு நின்று நீல நூலை அலசிக்கொண்டிருந்தார்கள். பெருமாயியைக் கண்டதும் ஒருத்தி ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். இன்னொருத்தி தங்களுக்கு வாங்கிய டீயில் முதல் டம்ளரை அவளுக்குக் கொடுத்தாள். ஏழு பேருக்கு வாங்கிய டீயை எட்டாகப் பிரித்ததில் எல்லா டம்ளரும் சற்றுக் குறைந்திருந்தன.

"நீங்கதானா அது? குழுவுல அனுப்புன போட்டோவுல பாத்தமுங்கக்கா" என்றாள் டீ கொடுத்தவள். பேர் சரிதா என்றாள். முப்பது வயதுகூட இருக்காது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்:

"அக்கா, இத நாங்க கத்துக்கிட்டா, எங்கள்ல எத்தன பேரு இருப்போம்?"

மற்ற ஆறு பேரும் டீயைக் குடிக்காமல் பெருமாயியையே பார்த்தார்கள். வாசல் பக்கமிருந்து அந்தப் பட்டறை முதலாளி, "ஆரம்பிக்கலாமுங்களாம்மா?" என்று குரல் கொடுத்தார். சத்யபிரியா பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, எழுதாமல் நின்றாள்.

பெருமாயி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க பட்டறைல தொட்டிகிட்ட ரெண்டு பேரு இருந்தோம் சாமி" என்றாள். "இப்ப நான் ஒருத்திதான்."

சரிதா தலையாட்டினாள். பிறகு அவள் தன் நூல் கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவளோடு ஒட்டி நின்றாள். அந்தப் பெண் தனக்கு அடுத்தவளை நெருக்கினாள். தொட்டியோரமாக ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் நெருங்கி நின்று, தங்கள் வரிசையில் பெருமாயிக்கு இடம் விட்டார்கள்.