சயனைட் மேட்டில் முழுக்கைச் சட்டை

ஜெயகரனுக்கு வெயில் என்றால் இளக்காரம். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் ஆழமான லெவல்களில் கல்லே கொதிக்கும். சட்டையைக் கழற்றிப் போட்டுத்தான் வேலை செய்வார்கள். வாலிபம் பூராவும் அப்படி உழைத்தவன். நெஞ்சில் தூசி படிந்துவிட்டது, இனிச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மேலே சயனைட் மேட்டுக்கு மாற்றினார்கள். சயனைடால் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய வெளிர் மண் அங்கே மலையாய்க் குவிந்திருந்தது. காற்றில் அது பறக்காதபடி கற்றாழை நட வேண்டும். மேஸ்திரி காத்தவராயன் மாதக் கடைசியில் "ஆள் தாங்குவான்" என்று எழுதினால்தான் வேலை. இல்லாவிட்டால் குடியிருக்கும் கம்பெனி லைன் வீடும் போய்விடும்.

முதல் நாள் மேகமும் குளிர்காற்றுமாக இருந்தது. "கீழே வேகாத உடம்பு மேலேயா வேகப்போகுது?" என்று சட்டையைக் கழற்றி எறிந்தான். சாயங்காலம் தோளில் துண்டு பட்டால்கூடத் துடித்தான்.

"காய்ச்சல்தான். வெயிலே இல்லையே!" என்றான்.

அவன் மனைவி பாக்கியவதி வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தவள். துணியின் குணம் தெரியும்.

"ராபர்ட்சன்பேட்டைக் கடை வாசல்ல தொங்குற துணி மார்கழியிலயும் வெளுக்குதே, சூட்டாலயா வெளுக்குது? வெளிச்சத்தாலங்க. உங்க தோலும் துணிதான்."

அன்றைக்கே நெருக்கமான நெசவுக் காடாத் துணியில் தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை தைத்தாள். தொப்பியின் பின்பக்கம் கழுத்தை மூட ஒரு துண்டுத் துணியும் தைத்துவிட்டாள்.

மறுநாள் அதைப் பார்த்து மேட்டில் ஒரே சிரிப்பு.

"இன்னா ஜெயகரா, தொப்பிக்குத் தாவணி போட்டாந்துகிறே? பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றான் காத்தவராயன்.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் தோளும் கழுத்தும் தப்பியும், தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் எரிந்து கன்றிப்போனதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. தொப்பியை மூலையில் வீசினான்.

"போதும் பாக்கியம். நாளைக்கு நான் போகல."

"நீங்க போங்க. பகலுக்குச் சோறு நான் எடுத்தாரேன். தப்பு எங்கேன்னு பாத்துக்கிறேன்."

போனான். உச்சி வேளையில் அவள் குடையும் தூக்குமாக மேடேறினாள். தலைக்கு மேல் குடை இருந்தும் கண் கூசிற்று. தாடைக்கு அடியில் சுள்ளென்றது. குனிந்து மண்ணைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர் போல வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது அது.

"அட, வெயில் கீழேயிருந்தும் வருதே!"

முந்தானையால் வாயையும் தாடையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, நேரே மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணே, காலையில மேட்டுக்கு மேற்கால நிழல், சாயந்திரம் கிழக்கால நிழல். அதுக்குத் தக்க நட்டா இன்னா? கத்தாழைக்குத் திசை தெரியுமா?"

"மைன்ஸ்ல மேனேஜர் வேலை காலியில்ல தங்கச்சி."

"உங்க கீழுதடு ஏன் வெந்திருக்கு?"

காத்தவராயன் உதட்டைத் தடவினான். "வெத்தலைச் சுண்ணாம்பு."

"சுண்ணாம்புன்னா வாய்க்கு உள்ளதான் வெந்திருக்கும். உங்களுக்கு வெளியில வெந்திருக்கு. இந்த மண்ணு பண்ணுன வேலை அது."

ஆட்கள் அவன் உதட்டையே பார்த்தார்கள். அவனும் மண்ணைப் பார்த்தான். "சரி, ஒரு வாரம் பாக்கலாம்" என்றான்.

அந்த வாரம் ஜெயகரன் முழுக்கைச் சட்டையும் முகத்தில் கட்டிய துணியுமாக, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து நட்டான். அவன் நட்ட வரிசைதான் மேட்டிலேயே நீளம். தாடையில் பழைய தோல் உரிந்து புதுத்தோல் வந்தது.

மாதக் கடைசியில் காத்தவராயன் வீட்டு வாசலுக்கே வந்தான்.

"எழுதிட்டேன் தங்கச்சி. ஆள் தாங்குவான்."

போகாமல் நின்றான். முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த தொப்பியை நீட்டினான்.

"இதுக்கும் ஒரு தாவணி..."

"பொண்ணு பாக்க வர்றாங்களா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே பாக்கியவதி அளவு நாடாவை எடுத்தாள்.