தரையில் விழாத மண்

1973ஆம் வருஷம் புரட்டாசிக் கடைசியில், ஜவ்வாது மலையில் கெங்கம்மாள் வாரித் தூற்றிய மண் திரும்பக் கீழே விழவில்லை. கொழுந்தன் ரங்கனின் ஆடுகள் அவள் கொல்லையில் கதிர்விட்ட சாமையை ஒரே காலையில் மொட்டையடித்திருந்தன. "உன் வூடு வெளங்குமாடா?" என்று இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் வீட்டுப் பக்கம் தூற்றினாள். மண் நேராக மேலே போயிற்று. புளியமர உச்சியைத் தாண்டும்வரை ஊரே அண்ணாந்து பார்த்தது. பிறகு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

விழுந்த மண்ணுக்குப் பரிகாரம் உண்டு. ஒரு சேவலை அறுத்து வாசலைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. விழாத மண்ணுக்கு என்ன செய்வதென்று ஊர்ப்பெரியவர் அர்ச்சுனனுக்கே தெரியவில்லை. ரங்கன் மகள் பாஞ்சாலைக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு நின்று, "சாபம் இன்னும் வழியில கீதுங்களே. தாலி கட்ற நேரம் பார்த்து எங்க புள்ள தலையில எறங்கினா? அது எறங்கட்டும், அப்பால பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். பாஞ்சாலை அப்பனிடமும் பேசவில்லை, பெரியம்மாவிடமும் பேசவில்லை. ஆடுகளிடம் மட்டும் பேசினாள். அதுவும் நல்ல வார்த்தை இல்லை.

மண் போன இடம் ஐப்பசியில் தெரிந்தது. அதே மலையிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடத்தின் தொலைநோக்கியில் செவ்வாயின் நிறத்தைப் பார்த்துக் குறித்துவந்த போளூர்க்காரர் பஞ்சாட்சரம், செங்கல் நிறத்திலிருந்த கிரகம் மஞ்சளாகிவிட்டது, அதன் கருந்திட்டுகளெல்லாம் புழுதியில் மறைந்துவிட்டன என்று டீக்கடையில் சொன்னார். அந்த மலைப் பக்கத்தில் மஞ்சள் மண் கெங்கம்மாள் கொல்லையில் மட்டும்தான். அதற்குமேல் யாரும் சாட்சி கேட்கவில்லை. "அது அங்க அடிக்கிற புழுதிக் காத்துங்க" என்றார் பஞ்சாட்சரம். "காத்து அங்கத்துதா இருக்கட்டும், மண்ணு எங்குளுது" என்றாள் கெங்கம்மாள், கொஞ்சம் பெருமையாகவே.

பொழுது சாய்ந்தால் ரங்கன் காவலூருக்கு நடப்பான். "இன்னா சார், எறங்கிச்சா?" "இன்னும் பறக்குதுப்பா." கார்த்திகை மழையில் வானமே தெரியாமல் போனபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழியில் அண்ணியிடமே வந்து நின்றான். "அண்ணி, என்னை இன்னும் நாலு வார்த்த திட்டிக்க. மண்ண மட்டும் எறக்கி வுடு." பாஞ்சாலையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கெங்கம்மாள். வீடு என்று சபித்ததில் அந்தப் பெண்ணும் சேர்த்தி என்பது அப்போதுதான் உறைத்தது. காவலூருக்குப் போய்க் கண்ணாடியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "நம்ம மண்ணுதான்" என்று உறுதி செய்துகொண்டு, "சுத்தனது போதும், அங்கியே எறங்கு. பொண்ணு கல்யாணம் நிக்குது" என்று அதட்டினாள்.

பொங்கலுக்குள் செவ்வாய் பழையபடி சிவந்தது. சாபம் யார் தலையிலோ இறங்கிவிட்டது, நம் தலையில் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் தையிலேயே தாலி கட்ட வந்தார்கள். முதல் வெற்றிலை பாக்கு கெங்கம்மாளுக்கு.

புழுதி அடங்கிய பிறகு கிரகத்தில் முன்பு இல்லாத ஒரு கருந்திட்டு இருப்பதாகப் பஞ்சாட்சரம் சொன்னார். மண்ணோடு சாமை விதையும் போயிருக்கும் என்றாள் கெங்கம்மாள். அவரும் மறுக்கவில்லை. அதன்பிறகு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை செவ்வாய் கிழக்கே பெரிதாக எழும்போதெல்லாம், ரங்கனின் ஆடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அந்தத் திசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். எண்பத்திரண்டாம் வருஷமும் நின்றன. "அங்கயும் மேய வுட்ராத, சொல்ட்டேன்" என்று வேலிக்கு அப்பாலிருந்து கெங்கம்மாள் குரல் கொடுப்பாள். அந்த மாதங்களில் ரங்கன் ஆடுகளை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டுவது வழக்கம்.