கரை இல்லாத ஆறு

என் அண்ணன் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர், ஆற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் தன் வாயைத் திறக்க மாட்டார். "டாக்டர், மீன் எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டால் "தண்ணியிலதான்" என்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

பன்னிரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் நாங்கள் இருவரும் ஈத் தூண்டில் போடப் போகிறோம். இதில் புழு கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, அதை வீசி, தண்ணீர்மேல் மெல்ல உட்கார வைக்க வேண்டும். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் கவ்வும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவோம். பல்லுக்குள் நரம்பைத் தேடும் அதே விரல்களால் அண்ணன் அந்தப் பூச்சிகளைக் கட்டுவார். நான் படம் வரைகிறவள். ஆறும் மலையும் மேகமும்தான் என் பிழைப்பு. நன்றாகவே வரைவேன், இதில் எனக்குத் தன்னடக்கம் எல்லாம் கிடையாது.

ஆற்றில் எங்களுக்கென்று ஒரு மடு உண்டு. பெயர் வைத்தால் வாய் தவறி வந்துவிடும் என்று அண்ணன் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து நடப்போம். யாராவது தூண்டிலோடு எதிரே வந்தால், "ஒண்ணுமே இல்லைங்க அங்க, வேஸ்ட்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வோம். தூண்டில்காரர்கள் எல்லோரும் சொல்லும் பொய்தான் இது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படிப்பட்ட மடுவைத்தான் நான் ஆறடி அகலத்துக்கு வரைந்து வைத்தேன்.

என் ஓவியக் கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்கென்று புதிதாகக் கட்டிய பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் என் அறைக்கு வந்தார். படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"பாத்தா தெரியலையா அண்ணா? அவ்வளவு மோசமாவா வரைஞ்சிருக்கேன்?"

"நல்லாத் தெரியுது. அதான் பிரச்சனையே. ரெண்டா பிளந்த அந்த மரம், பின்னால அந்தச் செங்கல் புகைபோக்கி. இதுக்கு அட்ரஸையே எழுதி ஒட்டியிருக்கலாம்."

"எனக்கு இதுதான் பெரிய படம். நடுச்சுவர்ல மாட்டப் போறாங்க."

"தூண்டில் சங்கத்துல எல்லாரையும் கூப்பிட்டிருக்கே இல்ல? இதை மாட்டினா இனிமே ஆத்துக்கு நீ தனியாத்தான் போகணும். நான் வரலை."

அவர் குரலை உயர்த்தவில்லை. கொண்டுவந்த டப்பாவைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதுதான் வலித்தது.

கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும். அன்று உச்சந்தலைக்கே போயிற்று. மடுவைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் அண்ணனிடம் சத்தியம் செய்திருந்தேன், வரைய மாட்டேன் என்றா சொன்னேன்? காட்சிக்கூடத்துப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினேன். "அக்கா, அந்தப் படம் இல்லைன்னா நடுச்சுவர் மொட்டையா நிக்கும்" என்றாள். படமும் வேண்டும், அண்ணனும் வேண்டும். இரண்டில் எதையும் விட எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு மணி நேரம் தூண்டில் வீசினேன். புகைபோக்கியில் புகை வந்ததா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பன்னிரண்டு வருடத்தில் தண்ணீருக்குள் நின்றபடி நான் அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிக்கொள்ளும் இடத்தில் துணி மடிப்பு மாதிரி ஒரு சுருக்கம் ஓடும். பாறைக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு இருக்கும். மீன் அங்கேதான் நிற்கும். என் கண்ணும் அங்கேயேதான் இருக்கும். மரத்தையும் புகைபோக்கியையும் கரையிலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தேன். கரையில் நின்றவள் வரைந்த படம் அது. தண்ணீரில் நிற்பவள் இன்னும் தூரிகையைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்து மரத்தைக் கத்தியால் சுரண்டினேன். புகைபோக்கி போயிற்று, வானம் போயிற்று, இரண்டு கரையும் போயிற்று. விளிம்பு முதல் விளிம்பு வரை தண்ணீரை மட்டும் வரைந்தேன். அண்ணனுக்குப் பயந்து அழித்தாள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். படம் கேட்டது, அழித்தேன். கொஞ்சம் அவருக்காகவும்தான்.

ஆயில் வண்ணம் அவ்வளவு சீக்கிரம் காயாது. "ஈரம், தொடாதீர்கள்" என்று ஒரு அட்டையோடுதான் படம் நடுச்சுவருக்கு ஏறியது.

திறப்பு அன்று முதலில் தூண்டில் சங்கத்துத் துணிக்கடைக்காரர் என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்மா, என் இடத்தை உங்களுக்கு யாரு காட்டினது? தயவு செஞ்சு வெளிய சொல்லிடாதீங்க." பத்து நிமிடம் கழித்து அதே சங்கத்துத் தபால்காரர் வந்தார். ஞாயிறுகளில் அவர் வண்டி நிற்பது துணிக்கடைக்காரர் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் கீழே. "என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதுங்க அந்த இடம்! நீங்க இப்படிப் படம் போட்டுட்டீங்களே!" எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

அண்ணன் வருவாரா என்று வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. கடைசியில் அண்ணி அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"மரம் எங்கம்மா?"

"தூண்டில் போடறப்போ நீங்க என்னிக்காவது மரத்தைப் பாத்திருக்கீங்களா?"

அவருடைய வலது மணிக்கட்டு தானாக ஒரு தரம் ஆடியது, வீசுவதற்கு முன்னால் ஆடுவது மாதிரி. பிறகு கையை நீட்டி, "அது இங்கதான் நிக்கும்" என்று பாறைக்குப் பின்னால் இருந்த இருட்டைத் தொட்டுவிட்டார். விரலை எடுத்தபோது நுனியெல்லாம் பச்சை. படத்தில் அவர் ரேகை பதிந்திருந்தது.

"ஐயோ, கெடுத்துட்டேனே!"

"விடுங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பின்னால் நின்ற தபால்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "டாக்டர், உங்களுக்கும் அந்த இடம் தெரியுமா?"

அண்ணன் திரும்பி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமே இல்லைங்க அங்க, வேஸ்ட்" என்றார். சொல்லிக்கொண்டே பச்சை படாத கையால் சட்டைப்பையிலிருந்து பூச்சி டப்பாவை எடுத்து, யாருக்கும் தெரியாமல் என் கையில் வைத்தார்.